ஹைஸ்ப்ளிட்: புயலுக்கு மேலே 16 கிலோமீட்டரில் இந்தக் காற்றுப்பாதைச் சேவையை எவ்வளவு நம்பலாம்?

புகைமூட்டக் காலம் வந்தால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஒரு வரைபடம் கைக்குக் கை மாறும். நம் ஊர்மேல் ஒரு கறுப்பு நட்சத்திரம் இருக்கும். அதிலிருந்து சிவப்பு, நீலம், பச்சை என மூன்று கோடுகள் கிளம்பி, மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சுமாத்திராவுக்குள் போய் நிற்கும். அந்தப் படத்தை வரைந்து தருவது ஹைஸ்ப்ளிட். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் வளிவள ஆய்வுக்கூடம் நடத்தும் சேவை இது. ரெடி என்ற இணையத்தளத்தில் படிவத்தை நிரப்பி ஓட்டலாம். மென்பொருளை மடிக்கணினியில் இறக்கியும் ஓட்டலாம். இரண்டுக்கும் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பதிவு செய்யாத பதிப்பே பழைய வானிலைத் தரவுகளுக்கு முழுமையாக வேலை செய்யும். முன்னறிவிப்புத் தரவில் ஓட்டத்தான் பதிவு வேண்டும்.

தரையிலிருந்து 500 மீட்டர், 1,000 மீட்டர் உயரத்தில் புகை வந்த வழியைக் கேட்டால் இது நல்ல பதில் தருகிறது. இந்த மதிப்பீடு அதைப் பற்றியதன்று. புயல் ஒன்று கீழ் அடுக்குக் காற்றை மேல் அடுக்குக்கு ஏற்றியதா, மேல் அடுக்கின் ஓசோனைக் கீழே இறக்கியதா என்று கேட்டு, அதே கருவியை 14 முதல் 18 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்காக எழுதியது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவான பிறகு இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்துவிட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புயல் மையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு வெளியே, மேலே விரிந்து போகும் காற்று எந்தத் திசையில் போனது என்பதற்கு ஹைஸ்ப்ளிட் நம்பத்தக்கது. அந்தக் காற்று எல்லையைத் தாண்டியதா என்பதற்கு இதன் ஒற்றைக் கோடு சான்று ஆகாது. அமைப்பைச் சில இடங்களில் மாற்றி, வானிலைப் பலூன் மேலே போய் அளந்த தரவோடு ஒப்பிட்டால், ‘தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு’ என்ற அளவுக்குப் பேசலாம்.

எல்லை என்று சொல்வது எதை?

நாம் வாழும் அடிவளிமண்டலத்தில் மேலே போகப் போகக் குளிரும். அதற்கு மேலே உள்ள அடுக்குமண்டலத்தில், ஓசோன் வெயிலை உறிஞ்சுவதால், மேலே போகப் போக வெப்பம் ஏறும். இரண்டுக்கும் நடுவே உள்ள ட்ரோபோபாஸ் நம் பகுதியில் 16, 17 கிலோமீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் அங்கே சுமார் 100 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை மைனஸ் 80 பாகை செல்சியஸ் அளவில். ஆனால் அதைக் கத்தியால் வெட்டிய கோடு என்று எண்ணக்கூடாது. வெப்பமண்டலத்தில் 14 கிலோமீட்டரிலிருந்து 18.5 கிலோமீட்டர் வரை, அதாவது 150 முதல் 70 ஹெக்டோபாஸ்கல் வரை, இரண்டின் குணமும் கலந்த ஒரு மாறுபடலமே உண்டு. புயல் செய்யும் வேலை எல்லாம் இந்தப் படலத்துக்குள்தான்.

அங்கே உயரத்தை மீட்டரில் பேசுவதைவிடத் தீட்டாவில் பேசுவது சரி. ஒரு காற்றுக்கட்டியை வெளியிலிருந்து வெப்பம் சேர்க்காமல் 1000 ஹெக்டோபாஸ்கலுக்கு அமுக்கிக் கொண்டுவந்தால் அதன் வெப்பநிலை எவ்வளவு இருக்குமோ, அதுவே தீட்டா. 100 ஹெக்டோபாஸ்கலில் 193 கெல்வின் (மைனஸ் 80 பாகை) என்றால், 1000-ஐ 100-ஆல் வகுத்து 0.286 அடுக்குக்கு உயர்த்தினால் 1.93 வரும். அதை 193-ஆல் பெருக்கினால் 373 கெல்வின். 150 ஹெக்டோபாஸ்கலில் 206 கெல்வின் இருந்தால் தீட்டா 354. வெப்பமண்டல ட்ரோபோபாஸுக்கு 380 கெல்வினை அடையாளமாக எடுப்பது வழக்கம். மேகமோ மழையோ இல்லாத காற்று தன் தீட்டாவை எளிதில் மாற்றிக்கொள்ளாது. அதனால்தான் தீட்டா மாறினால் யார் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

புயல் அதை மூன்று வழியில் மாற்றுகிறது. புயலின் கண்ணைச் சுற்றி நிற்கும் கண்சுவரிலும் அதற்கு வெளியே உள்ள மழைப்பட்டைகளிலும் உள்ள கோபுர மேகங்கள் நீராவி உறையும் வெப்பத்தால் காற்றை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில்கூட ஏற்றும். அதில் பெரும்பகுதி 12 முதல் 15 கிலோமீட்டரில் கிடையாக விரிந்துவிடும். சில கோபுரங்கள் மட்டும் எல்லையை முட்டித் தாண்டிப் பனித்துகளை மேலே எறியும். அப்படித் தாண்டும் தலை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலம் இருக்கும். அரைமணி நேரம்கூட நிலைக்காது. இரண்டாவது இறக்கம். கண்ணுக்குள்ளும், விரிந்த மேகக்குடையின் வெளிவிளிம்பிலும் காற்று கீழே இறங்கும். அப்போது மேல்படலத்தின் வறண்ட, ஓசோன் மிகுந்த காற்றும் இழுபட்டு வரலாம். மூன்றாவது குளிர்ச்சி. புயல் மையத்தில் அடிவளிமண்டலம் சூடாக இருக்கும்போது, அதன் தலைக்கு மேலே ட்ரோபோபாஸ் வழக்கத்தைவிடக் குளிர்ந்து போகிறது. இது சிறிய விஷயமன்று. 100 ஹெக்டோபாஸ்கலில் மைனஸ் 80 பாகையில் காற்று தாங்கும் நீராவி பத்து லட்சத்தில் சுமார் 5.5 பங்கு, மைனஸ் 83 பாகையில் சுமார் 3.3 பங்குதான். ஒரு பாகை குறைந்தால் ஆறில் ஒரு பங்கு நீர் குறைகிறது. ஆகவே ஒரே புயல், பனியை எறிந்து அடுக்குமண்டலத்தை ஈரமாக்கவும் செய்யலாம், குளிர்த்து உலர்த்தவும் செய்யலாம்.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் புயல் நாட்களில் இந்த மேல்கீழ் ஓட்டத்தை நேராகவே அளந்திருக்கிறது. நம் தீபகற்பத்தில் அப்படி ஒரு வசதி இல்லாதபோது கணக்கு மாதிரியைத்தான் நாட வேண்டும். அங்கேதான் ஹைஸ்ப்ளிட் வருகிறது.

ஓட்டிப் பார்க்க ஓர் இரவு

பினாங்கு மறக்காத இரவு 2017 நவம்பர் 4. தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து தீபகற்பத்தைக் கடந்த தாழ்வழுத்தம் விடியும்வரை கொட்டித் தீர்த்தது. அது முழுப் புயல் ஆகவில்லை. ஆனாலும் சேவையைச் சோதிக்க இந்த நாள் பொருத்தம். நாம் அறிந்த இடம், பாயான் லெப்பாஸில் பலூன் நிலையம், எளிதில் கிடைக்கும் தரவு என மூன்றும் கூடியிருக்கின்றன.

முதல் தவறு நேரத்திலேயே நடக்கும். ஹைஸ்ப்ளிட் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் பேசும். நாம் 8 மணி நேரம் முன்னே இருக்கிறோம். நவம்பர் 5 அதிகாலை 2 மணி மழையைப் பார்க்க வேண்டுமானால் நவம்பர் 4, 18 மணி என்று எழுத வேண்டும். தேதியை மாற்றாமல் மணியை மட்டும் மாற்றினால் ஒரு முழு நாள் தள்ளிப் போகும். அப்போதும் படம் அழகாகவே வரும், எந்த எச்சரிக்கையும் வராது. தொடக்கத்துக்கு 4ஆம் தேதி 12 யுடிசி நல்லது. அது நமக்கு இரவு 8 மணி. பலூன் பறக்கும் நேரமும் அதுவே.

இடம் 5.3 வடக்கு, 100.3 கிழக்கு. வலைப்படிவத்தில் ஒரே ஓட்டத்துக்கு மூன்று உயரங்கள் கொடுக்கலாம். 14,000, 15,500, 17,000 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மேகம் இல்லாத இடத்தில், ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள காற்று கதிர்வீச்சால் வெப்பத்தை இழந்து மெல்ல இறங்கும். அதற்கு மேலே உள்ளது வெப்பம் பெற்று மெல்ல ஏறும். புயல் தன் காற்றை 14 கிலோமீட்டரில் விட்டுவிட்டால் அது பெரும்பாலும் நமக்கே திரும்பி வரும், 15.5-இல் விட்டால் அடுக்குமண்டலத்துக்கு வழி திறந்திருக்கிறது. இந்த இரண்டு கோடுகளுக்கும் உள்ள வேறுபாடே புயலின் பங்களிப்பு. 17,000 எல்லைக்கு மேலே நிற்கும் ஒப்புக்கோடு.

பின்னோக்கி 120 மணி நேரம். நவம்பர் 4-இலிருந்து ஐந்து நாள் பின்னால் போனால் அக்டோபர் 30. ஹைஸ்ப்ளிட்டுக்கு ஊட்டும் வானிலைத் தரவுத் தொகுப்புகளில் ஒன்று அமெரிக்காவின் ஜிடாஸ். ஒரு பாகைக் கட்டங்களாகப் பிரித்த ஜிடாஸ் தரவு வாரக் கோப்புகளாக வருகிறது: 1 முதல் 7 தேதி வரை முதல் கோப்பு, 8 முதல் 14 இரண்டாவது, 29-க்குப் பிந்தைய நாட்கள் ஐந்தாவது. ஆகவே நவம்பரின் முதல் கோப்பும் அக்டோபரின் ஐந்தாவது கோப்பும் சேர்ந்து வேண்டும். நவம்பர் கோப்பை மட்டும் கொடுத்தால் கோடு நவம்பர் 1-இல் அறுந்து நிற்கும். காற்று அங்கே நின்றுவிட்டது என்று வாசித்துவிடக் கூடாது, தரவுதான் தீர்ந்துபோனது. முழு வாரக் கோப்பு ஒன்று 600 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு.

இறக்கி நிறுவிய பதிப்பில் ஓட்டும்போது, தொடக்க இடம், நேரம் முதலியவற்றை எழுதும் கண்ட்ரோல் கோப்பில் ஒரு வரியைத் திருத்தாவிட்டால் மேற்கண்ட எதுவும் பயன்படாது. செங்குத்து முறையின் (காற்று மேல்கீழாக நகர்வதைக் கணக்கிடும் முறை) எண்ணுக்கு அடுத்த வரியில் மாதிரியின் மேல் எல்லை இருக்கும். இயல்பாக அதில் 10,000 மீட்டர் என்று எழுதியிருக்கும். புகைமூட்டத்துக்கு அது தாராளம். நாம் தொடங்குவதே 14,000-இல். அந்த எண்ணை 25,000 ஆக்குங்கள். ட்ரோபோபாஸ் வேலைக்கு வலைப்படிவத்தைவிட நிறுவிய பதிப்பைப் பரிந்துரைப்பதற்கு இந்த வரியும், கீழே வரும் இஆர்ஏ5 தரவுமே காரணம்.

கோடு எங்கே பொய் சொல்கிறது?

ஒரு பாகை ஜிடாஸ் தொகுப்பில் 23 அழுத்த மட்டங்கள் உண்டு. தரைப்பக்கம் நெருக்கமாக இருக்கும். மேலே போனால் 200, 150, 100, 50, 20 அவ்வளவுதான். 150-க்கும் 50-க்கும் நடுவில், அதாவது 14.2 கிலோமீட்டரிலிருந்து 20.7 கிலோமீட்டர் வரை, நமக்கு ஒரே ஒரு மட்டம்: 100. நாம் ஆராய வந்த படலம் முழுவதையும் அந்த ஒரு மட்டத்தின் எண்களை வைத்து மாதிரி நிரப்புகிறது. மிகக் குளிர்ந்த இடம் 100-க்கும் 70-க்கும் நடுவில் இருந்தால் இந்தத் தரவு அதைப் பார்க்கவே பார்க்காது. புயல் ட்ரோபோபாஸை மூன்று பாகை குளிர்த்ததா என்ற கேள்வியை இதனிடம் கேட்பதே வீண். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான். பயன்பாட்டுக் குறிப்புகளில் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

கிடைமட்டத்திலும் நெருக்கடி உண்டு. ஒரு பாகை என்பது 111 கிலோமீட்டர். புயலின் கண் பெரும்பாலும் 30 முதல் 65 கிலோமீட்டர் அகலம். ஒரே கட்டத்துக்குள் கண்ணும் கண்சுவரும் கரைந்து போகும். அதோடு, மாதிரி ஒரு எட்டில் (கணக்கு ஒரு தடவை முன்னேறும் கால அடியில்) கட்டத்தின் முக்கால் பங்கு வரை, அதாவது சுமார் 83 கிலோமீட்டர், தாண்ட இயல்பமைப்பு அனுமதிக்கிறது. 50 கிலோமீட்டர் ஆரத்தில் சுழலும் காற்றுக்குச் சுற்றளவு 314 கிலோமீட்டர். நாலே எட்டில் ஒரு சுற்று! வட்டம் சதுரமாகி, காற்றுக்கட்டி ஒவ்வொரு மூலையிலும் வெளியே வழுக்கிப் போகும். அமைப்புக் கோப்பில் இந்த விகிதத்தை 0.75-இலிருந்து 0.25-க்குக் குறைக்கலாம், அல்லது கால எட்டை 5 நிமிடம் என்று கட்டிவிடலாம். கணக்குப் பிழையை அறிய எளிய வழி: பின்னோக்கிப் போன கோடு முடிந்த இடத்தில் அதே உயரத்தில் தொடங்கி முன்னோக்கி 120 மணி ஓட்டுங்கள். பினாங்குக்குத் திரும்பி வந்தால் எண்கணிதம் சரி. திரும்பவில்லை என்றால் எட்டைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். இது எண்கணிதப் பிழையை மட்டும் காட்டும், தரவின் பிழையைக் காட்டாது. சாதாரண வானிலையிலேயே பயணித்த தூரத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை விலகலை எதிர்பார்க்க வேண்டும்.

இனிச் செங்குத்து. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். படிவத்தில் செங்குத்து முறை என்ற இடத்தில் ‘மாதிரியின் செங்குத்துக் காற்று’ இயல்பாகத் தேர்வாகி இருக்கும். எல்லைக்கு அருகே கதிர்வீச்சால் நடக்கும் உண்மையான ஏற்றம் வினாடிக்கு 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; ஒரு நாளைக்கு 26 மீட்டர். தரவில் உள்ள செங்குத்துக் காற்றோ அலைகளாலும் இரைச்சலாலும் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மேலும் கீழும் ஆடும். அது ஒரே திசையில் நிலைத்தால் நாளைக்கு 864 மீட்டர். தேடும் குரலைவிடச் சத்தம் முப்பது மடங்கு. ஐந்து நாளில் கோடு இரண்டு கிலோமீட்டர் ஏறி எல்லையைத் தாண்டினால், புயல் ஏற்றியதா, இரைச்சல் ஏற்றியதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தீட்டா மாறாத முறையைத் தேர்ந்தால் எதிர்ப்பக்கத் தவறு. அந்த முறையில் கோடு தொடங்கிய தீட்டாவிலேயே கட்டிப்போடப்பட்டிருக்கும். 360 கெல்வினில் தொடங்கியது 380-ஐத் தாண்ட வழியே இல்லை. ‘புயலால் பரிமாற்றம் நடக்கவில்லை’ என்று அதை வைத்து எழுதினால், கதவைப் பூட்டிவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்வது போல ஆகும். கண்சுவருக்குள் நீராவி உறைந்து தீட்டாவை ஏற்றிக்கொண்டே இருப்பதால் அங்கே இந்த முறைக்கு இடமே இல்லை. ஆனால் மேகக்குடையின் வெளிவிளிம்பைத் தாண்டி, வறண்ட காற்று வடக்கே நழுவி நடு அட்சரேகை அடுக்குமண்டலத்துக்குள் கிடையாகப் புகுவதைப் பார்க்க இதுவே சிறந்த முறை. அங்கே ட்ரோபோபாஸ் தாழ்ந்து வருவதால் மேலே ஏறாமலேயே எல்லையைக் கடக்கலாம்.

எனவே இரண்டு முறையிலும் ஓட்டி, கிடைப்பாதைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஒத்துப்போனால் திசையை நம்பலாம். பிறகு முதல் முறையில் தீட்டாவைப் பாதையோடு எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் அதற்குத் தேர்வுக்கட்டம் உண்டு. மழையையும் அவ்வாறே எடுக்கலாம். மேகமில்லாத காற்றின் தீட்டா இந்தப் படலத்தில் ஒரு நாளில் ஒரு கெல்வினுக்கு மேல் மாறாது. ஐந்து நாளில் 5 கெல்வினுக்கு மேல் ஏறி, பாதையில் மழையே இல்லை என்றால், அந்த ஏற்றத்தைத் தள்ளிவிடுங்கள். மழை இருந்த மணிகளில் ஏறியிருந்தால் மட்டும் புயலின் பெயரைச் சொல்லத் தொடங்கலாம்.

கூட்டு ஓட்டம் என்ற வசதியும் இருக்கிறது. தரவுக் கட்டத்தைச் சற்று நகர்த்தி 27 கோடுகள் தரும். புயல் வேலைக்கு ஒற்றைக் கோட்டை வெளியிடுவதைவிட இதைத்தான் வெளியிட வேண்டும். 27-இல் 20 கோடுகள் ஒரே பக்கம் போனால் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. விசிறிபோல விரிந்தால் அந்த நாளின் தரவுக்கு அந்தக் கேள்வியைத் தாங்கும் வலு இல்லை.

எந்தத் தரவு?

படிவத்தில் அரைப் பாகை ஜிடாஸ் என்று ஒன்று தெரியும். நுண்ணியது நல்லது என்று கை தானாக அங்கே போகும். வேண்டாம். அந்தத் தொகுப்பில் செங்குத்துக் காற்று சேமிக்கப்படவில்லை. கிடைக்காற்று விரிவதையும் குவிவதையும் வைத்து ஹைஸ்ப்ளிட்டே கணக்கிட்டுக்கொள்கிறது. கிடைக்காற்றின் சிறு பிழைகள் அங்கே பெரிதாகும். புகைப் பாதைக்கு இது பொறுக்கலாம், நம் வேலைக்கு ஒரு பாகைத் தொகுப்பே மேல். 2019-க்குப் பிந்தைய புயல்களுக்குக் கால் பாகை ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்க முன்னறிவிப்பு மாதிரியின் தரவு இருக்கிறது. அது நல்ல தேர்வு. ஆனால் ஒரு நாளைக்கே சில கிகாபைட் இறக்க வேண்டிவரும்.

பழைய புயல்களில் நிலைமை வேறு. 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரில் கரையேறிய வாமெய், நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகையில் உருவானது. நம் நாட்டில் புயல் ஆய்வு என்றாலே அதைத்தான் எடுக்கத் தோன்றும். ஜிடாஸ் தொகுப்போ 2005-இலிருந்துதான் முழுமையாகக் கிடைக்கிறது. அதற்கு முன் போனால் 2.5 பாகை மறுபகுப்பாய்வு (பழைய அளவீடுகளை ஒரே மாதிரியில் மறுபடி ஓட்டி உருவாக்கிய தரவு) கண்ணில் படும். ஒரு கட்டம் 278 கிலோமீட்டர். வாமெய் மிகச் சிறிய புயல். அந்தக் கட்டத்துக்குள் அது ஒரு மங்கலான சுழிப்பாக மட்டும் மிஞ்சும். அதை வைத்து எல்லைப் பரிமாற்றம் பேசும் கட்டுரையை ஏற்கக்கூடாது.

வாமெய்க்கும், பொதுவாக இந்தக் கேள்விக்கும், ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 என்ற மறுபகுப்பாய்வுதான் சரியான தரவு. 1940 முதல் மணிக்கு மணி, 31 கிலோமீட்டர் கட்டம், 37 அழுத்த மட்டங்கள். 150-க்கும் 50-க்கும் நடுவே 125, 100, 70 என்று மூன்று மட்டங்கள் வருகின்றன. கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுக் களஞ்சியத்தில் இலவசக் கணக்குத் திறந்து இறக்கலாம். ஹைஸ்ப்ளிட்டோடு வரும் மாற்றி நிரல் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றித் தரும். இறக்கும்போது வெப்பநிலை, இரு கிடைக்காற்றுகள், செங்குத்துக் காற்று, ஈரப்பதம், அழுத்த மட்டங்களின் உயரம் ஆகியவற்றோடு தரைமட்டக் கோப்பையும் மறக்காமல் எடுக்க வேண்டும். தரையழுத்தம் இல்லாவிட்டால் தரவு முழுமை ஆகாது. இடத்தை மிச்சப்படுத்தச் சின்னப் பெட்டியாக வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ளட்டும். மேலே காற்று வினாடிக்கு 20 மீட்டர் போனால் ஒரு நாளில் 1,700 கிலோமீட்டர் கடக்கும். பினாங்கிலிருந்து 70 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை வரை சுமார் 3,300 கிலோமீட்டர். இரண்டே நாளில் கோடு விளிம்பில் மோதி முடிந்துவிடும். 120 மணி ஓட்டத்துக்கு 30 பாகை தெற்கு முதல் 40 பாகை வடக்கு வரை முழு அட்சரேகைப் பட்டையாக எடுப்பதே நல்லது.

இத்தனை திருத்தியும் கோபுர மேகத்தின் எல்லைத் தாண்டல் 31 கிலோமீட்டர் கட்டத்தில் வராது. பாதைக் கணக்கு சராசரிக் காற்றை மட்டும் பின்தொடர்கிறது. அந்தப் பகுதியை ஓரளவாவது கணக்கில் சேர்க்க வேண்டுமானால் ஃப்ளெக்ஸ்பார்ட் என்ற இலவச மாதிரிக்குப் போகலாம். ஆழ்ந்த மேகங்களால் காற்று மேல்கீழாகக் கலப்பதை அது தனியாகக் கணக்கிடுகிறது. படிவம் கிடையாது, ஃபோர்ட்ரான் நிரலைத் தொகுத்து ஓட்ட வேண்டும். ஆரம்ப ஆய்வுக்கு ஹைஸ்ப்ளிட், ஆய்வேட்டுக்கு ஃப்ளெக்ஸ்பார்ட் என்று பிரித்துக்கொள்வது நியாயம்.

ஒப்பிட ஒரு பலூன்

ஹைஸ்ப்ளிட்டைத் தனியே மதிப்பிட்டால் போதாது. பக்கத்தில் வையோமிங் பல்கலைக்கழகத்தின் பலூன் தரவுப் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். பாயான் லெப்பாஸ் நிலையத்தின் எண் 48601, சிப்பாங் விமான நிலையம் 48650. வங்கக்கடல் புயல் என்றால் சென்னை 43279, காரைக்கால் 43346. நேரம் 00, 12 யுடிசி. நமக்குக் காலை 8, இரவு 8. இதுவும் இலவசம்.

எழுத்துப் பட்டியலைத் தேர்ந்து வெப்பநிலை நெடுவரிசையில் தரைமட்ட வரியிலிருந்து உயரம் கூடும் பக்கமாகப் போங்கள். எந்த வரியில் எண் மிகக் குறைந்து, பிறகு ஏறத் தொடங்குகிறதோ அந்த வரியே குளிர்முனை. அதே வரியில் உயரமும் தீட்டாவும் இருக்கும். தீட்டாவைக் கையால் கணக்கிடத் தேவையில்லை. சில நாள் பலூன் 100 ஹெக்டோபாஸ்கலுக்கு முன்பே வெடித்திருக்கும். கனமழை நாளில், பனி ஒட்டிக்கொண்டு, இது கூடுதலாகவே நடக்கும். அப்போது கடைசி வரியைக் குளிர்முனை என்று எடுத்துவிடக் கூடாது. ஏறத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தால்தான் குளிர்முனை. பட்டியலில் நிலையான மட்டங்கள் மட்டும் இருந்தால் 100-க்கும் 70-க்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. அந்த நாளைக் குளிர்ச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நீராவி நெடுவரிசையை மேலே நம்பவே வேண்டாம். எல்லையருகே நீராவி கிலோவுக்கு 0.003 கிராம்தான், பட்டியல் இரண்டு தசமத்தோடு நிற்பதால் 0.00 என்று காட்டும். அது வறட்சியின் சான்றன்று. அந்தக் குளிரில் பலூனின் ஈரப்பத உணரியும் தடுமாறும். நீருக்கு நாசாவின் ஆரா செயற்கைக்கோளில் உள்ள எம்எல்எஸ் கருவியைப் பார்க்கலாம். அதுவும் செங்குத்தில் மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் கலந்தே காட்டும். வெப்பநிலைக்கு 2019-இல் ஏவப்பட்ட காஸ்மிக்-2 செயற்கைக்கோள் தொகுதி நமக்கு மிகப் பயன். 24 பாகைச் சாய்வில் சுற்றுவதால் அதன் அளவீடுகள் வெப்பமண்டலத்தில்தான் நெருக்கமாக விழுகின்றன.

ஓசோனுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய ஷாடோஸ் ஓசோன் பலூன் வலையமைப்பில் கோலாலம்பூரும் ஒரு நிலையம். சிப்பாங்கிலிருந்து பலூன் போகிறது. மாதத்தில் ஓரிரு பறப்புகள்தான் என்பதால் புயல் நாளோடு பொருந்துவது அரிது. ஆனாலும் அந்தப் பருவத்தின் வழக்கமான அளவை அறிய அதைவிட நல்ல தரவு நமக்கு இல்லை. நூறு கோடி மூலக்கூறில் ஓசோன் 100-ஐத் தாண்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைஸ்ப்ளிட் கோடு அந்த உயரத்துக்கு மேலிருந்து இறங்கி வந்ததாகக் காட்டினால், இறங்கிய இடத்தில் ஓசோன் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் கோடுதான் தவறு.

யாருக்கு எது?

பள்ளி அறிவியல் திட்டத்துக்கு வலைப்படிவமே போதும். மூன்று உயரம், ஒரு பாகை ஜிடாஸ், 72 மணி நேரம். புயலைச் சுற்றி மேலே காற்று எதிர்ச்சுழலாக விரிவதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அதைக் காட்டுவதில் இந்தச் சேவைக்கு இணையில்லை. கூகள் எர்த்தில் திறக்கும் கோப்பாகவும் தருவதால் கோடு மேலே எழும்புவதைச் சுழற்றியே பார்க்கலாம். பல்கலைக்கழக இறுதியாண்டுத் திட்டம் என்றால் நிறுவிய பதிப்பு, இஆர்ஏ5, இரு செங்குத்து முறைகள், 27 கோட்டுக் கூட்டு ஓட்டம், பலூன் ஒப்பீடு என்று அத்தனையும் வேண்டும். ஆசிரியர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

படத்தை அறிக்கையில் ஒட்டுவதற்கு முன் ஒன்று. ஹைஸ்ப்ளிட் தன் படத்தின் அடியில் தொடக்க இடம், உயரம், தரவின் பெயர், செங்குத்து முறை ஆகியவற்றை அச்சிட்டுவிடுகிறது. மேல் எல்லையையும் கால எட்டையும் அச்சிடுவதில்லை. 10,000 என்ற எண்ணைத் திருத்தினீர்களா இல்லையா என்பது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் கண்ட்ரோல் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் பாதைக் கோப்போடு ஒரே உறையில் வைத்து, பின்னிணைப்பில் அப்படியே சேர்த்துவிடுங்கள்.